'இயல்பான மழை' என்றால் எவ்வளவு மழை? வடகிழக்குப் பருவமழைக் கணிப்பைப் புரிந்துகொள்வது

செப்டம்பர் முடியும்போது அந்தச் செய்தி வந்துவிடும். 'வடகிழக்குப் பருவமழை இந்த ஆண்டு இயல்பை ஒட்டி இருக்கும்' என்றோ, 'இயல்பைவிட அதிகம் பெய்ய வாய்ப்பு' என்றோ தலைப்பு இருக்கும். அடுத்த நாளே மயிலாடுதுறைப் பக்கம் சம்பா போடும் என் சித்தப்பாவிடமிருந்து போன் வரும்.

2022இலும் வந்தது. "ஏம்ப்பா, இந்த வருஷம் மழை எப்படி?" என்றார். "இயல்பாத்தான் இருக்கும் சித்தப்பா, பயப்பட ஒண்ணுமில்லை" என்று சொல்லிவைத்தேன். நவம்பர் 12 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் சீர்காழியில் 44 செ.மீ. மழை கொட்டியது. அவர் வயலில் வரப்பு எது, வாய்க்கால் எது என்று அடையாளம் தெரியவில்லை. ஆனால் டிசம்பர் 31ஆம் தேதி பருவமழைக் கணக்கை மூடியபோது தமிழ்நாட்டின் மொத்த மழை இயல்பை ஒட்டியே இருந்தது. 'இயல்பு' என்று நான் சொன்னது பலித்துவிட்டது. 'பயப்பட ஒண்ணுமில்லை' என்று சேர்த்துக்கொண்டேனே, அதுதான் என் கைச்சரக்கு.

இந்தக் குழப்பம் எனக்கு மட்டும் வந்ததில்லை. "இயல்புன்னு சொன்னாங்க, வெள்ளம் வந்துடுச்சு" என்று ஒரு வருடம், "அதிக மழைன்னு சொன்னாங்க, எங்க ஏரி நிரம்பவே இல்லை" என்று இன்னொரு வருடம். கணிப்பு என்ன சொல்கிறது, எதைப் பற்றி வாயே திறப்பதில்லை என்பதை ஒருமுறை பிரித்துப் பார்த்துவிடலாம்.

பூக்கடைக்காரர் ஆடியில் சொல்வது

எங்கள் தெரு முனையில் ஒரு பூக்கடை இருக்கிறது. ஆடி மாதம் ஈ ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அவர் சொல்வார்: "ஆவணி பொறக்கட்டும், முகூர்த்தம் நிறைய இருக்கு, வியாபாரம் பிச்சுக்கும்." பெரும்பாலும் சரியாக இருக்கும். அதே மனிதரிடம், ஆவணி இரண்டாவது வெள்ளிக்கிழமை காலை எத்தனை முழம் விற்கும் என்று ஆடியில் கேட்டால் சிரிப்பார். அது வியாழக்கிழமை ராத்திரி மார்க்கெட்டுக்குப் போனால்தான் தெரியும்.

ஆடியில் அவர் சொல்வதுபோல ஒன்றுதான் பருவக் கணிப்பு. அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதத்துக்கும் சேர்த்து, ஒரு பெரிய நிலப்பரப்பில், மொத்த மழை எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டிச் சொல்வது. வியாழக்கிழமை ராத்திரி அவருக்குத் தெரிவது முன்னறிவிப்பு மாதிரி. அடுத்த சில நாட்களில், இந்த மாவட்டத்தில் கனமழை உண்டா இல்லையா என்று சொல்வது. இரண்டும் இந்திய வானிலை ஆய்வுத் துறையிடமிருந்துதான் வருகின்றன, இரண்டிலும் 'மழை', 'வாய்ப்பு' என்ற சொற்கள் இருக்கின்றன. அதனால்தான் ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொண்டுவிடுகிறோம்.

ஒரு சங்கதியைக் கவனிக்க வேண்டும். செப்டம்பர் கடைசிச் செய்தியில் வரும் முதல் எண் பல நேரம் தமிழ்நாட்டைப் பற்றியதே இல்லை. 'தென் தீபகற்பம்' என்று ஐந்து வானிலைப் பிரிவுகளைச் சேர்த்துச் சொல்வார்கள்: தமிழ்நாடு–புதுச்சேரி, கேரளம், கடலோர ஆந்திரம், ராயலசீமா, தெற்கு உள் கர்நாடகம். அந்த ஐந்துக்கும் சேர்ந்த எண்ணை வைத்துக்கொண்டு நாம் வேளச்சேரியில் படகு வாங்கலாமா என்று யோசிக்கிறோம்.

இதுவரை பார்த்தது: பருவக் கணிப்பு மூன்று மாத மொத்தத்தைப் பற்றியது, பெரிய பரப்பைப் பற்றியது. உங்கள் தெருவையும் தேதியையும் அது சொல்வதில்லை.

இயல்பு என்பது யாருடைய இயல்பு?

இயல்பு என்றால் நீண்டகாலச் சராசரி. இப்போது புழக்கத்தில் இருப்பது 1971 முதல் 2020 வரையிலான 50 ஆண்டுகளின் சராசரி. தமிழ்நாட்டுக்கு அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை அது சுமார் 44 செ.மீ. ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில் ஏறத்தாழ பாதி.

44 செ.மீ. என்றால் எவ்வளவு? மொட்டைமாடியில் பக்கவாட்டு நேராக உள்ள ஒரு டப்பாவை மூன்று மாதம் வைத்து, ஒரு சொட்டுகூட ஆவியாகாமல் பார்த்துக்கொண்டால், முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். 600 சதுர அடி மாடியில் விழும் 44 செ.மீ. மழையைப் பிடித்தால் ஏறக்குறைய 24,500 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் தண்ணி லாரி இரண்டு. மழைநீர்த் தொட்டி கட்டாதவர்கள் இதைப் படித்துப் பெருமூச்சு விடலாம்.

இந்த 44 மாநிலச் சராசரி. சென்னைக்குச் சுமார் 80 செ.மீ. வரும். மேற்கே உள்ளே போகப் போக அளவு இறங்கிக்கொண்டே போகும். கடலோர மாவட்டங்களுக்கு ஆண்டு மழையில் கிட்டத்தட்ட 60 சதவீதம் இந்த மூன்று மாதங்களில்தான் கிடைக்கிறது. ஆக, 'இயல்பு' என்ற ஒரே சொல் சென்னையில் ஒரு அளவு, தருமபுரியில் வேறொரு அளவு.

இன்னொரு சிக்கலும் உண்டு. தென் தீபகற்பத்துக்கான கணிப்பில் சராசரியின் 88 சதவீதத்திலிருந்து 112 சதவீதம் வரை இருந்தால் 'இயல்பு'. பெய்து முடித்த மழையை மாவட்டவாரியாகக் கணக்குப் பார்க்கும்போது 19 சதவீதம் கூடினாலும் 19 சதவீதம் குறைந்தாலும் 'இயல்பு'தான். நாடு முழுவதுக்குமான தென்மேற்குப் பருவமழையிலோ 96 முதல் 104 வரைதான் இயல்பு. ஒரே சொல், மூன்று படி. ஏன் நமக்கு மட்டும் இவ்வளவு தாராளம்? நம் மழை அப்படி ஆடும். 2016இல் தமிழ்நாட்டுக்கு இயல்பைவிட 62 சதவீதம் குறைவு. ஐந்து வருடம் கழித்து, 2021இல் 59 சதவீதம் அதிகம்.

வாடை கொண்டுவருவதும் கொண்டல் கொடுப்பதும்

சரி, இந்த மழை எப்படித்தான் பெய்கிறது?

செப்டம்பருக்குப் பிறகு சூரியன் தெற்கே நகர நகர, ஆசியாவின் பெரிய நிலப்பரப்பு சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. அது கீழே அமர்ந்து அழுத்தத்தைக் கூட்டுகிறது. தெற்கே வங்கக்கடல் இன்னும் வெதுவெதுப்பாக இருப்பதால் அங்கே அழுத்தம் குறைவு. காற்று அதிகத்திலிருந்து குறைவுக்கு ஓடும். பூமி சுழல்வதால் நேராக ஓடாமல் வளைந்து, வடகிழக்கிலிருந்து வருகிறது. நிலத்திலிருந்து கிளம்பியபோது அது வறண்ட காற்று. வங்கக்கடலைக் கடக்கும்போதுதான் ஈரத்தை ஏற்றிக்கொள்கிறது.

நம்மூரில் காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் உண்டு. வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல். கொண்டல் என்ற சொல்லுக்கே மேகம் என்றும் பொருள். பெயர் வைத்தவர்கள் விவரமானவர்கள். பருவமழைக்கு 'வடகிழக்கு' என்று பெயர் இருந்தாலும், நன்றாகப் பெய்யும் நாட்களில் காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்துதான் வீசும். அதுதான் அதிக தூரம் கடல்மேல் பயணம் செய்து வரும் காற்று. வடக்குப் பக்கம் திரும்பிவிட்டால் குளிரும், வானம் வெளுத்துவிடும். "பருவமழை நடக்குதுங்கறாங்க, ஒரு வாரமா சொட்டுகூட இல்லையே" என்று நவம்பரில் கேட்கிறோமே, அந்த வாரம் பெரும்பாலும் வாடை வாரம்.

ஈரக்காற்று மட்டும் இருந்தால் மழை வராது. காற்று என்பது சரக்கு ஏற்றி வரும் லாரி. இறக்க ஆள் வேண்டும். காற்று மேலே தூக்கப்பட்டுக் குளிர்ந்தால்தான் ஈரம் மேகமாகி மழையாகும். அந்தத் தூக்கும் வேலையைச் செய்பவைதான் செய்தியில் நாம் கேட்கும் பெயர்கள்: காற்றுச் சுழற்சி, காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி, கொஞ்சம் வலுத்தால் தாழ்வு மண்டலம், இன்னும் வலுத்தால் புயல். எல்லாம் ஒரே குடும்பம், வலுவில்தான் வித்தியாசம். அழுத்தம் குறைந்த ஒரு நடுப்புள்ளியை நோக்கிச் சுற்றியுள்ள காற்று சுழன்று வந்து மேலே ஏறுகிறது, அவ்வளவுதான்.

கடலோரத்தில் ஒரு சின்ன அழகு உண்டு. நவம்பர் மழை பல நாட்கள் நள்ளிரவு தாண்டி விடியற்காலையில் பிடித்துக்கொள்ளும், பத்து மணிக்கெல்லாம் வெளுத்துவிடும். ராத்திரியில் கரை குளிர்ந்து, கரையிலிருந்து கடலுக்கு மெல்லிய காற்று கிளம்புகிறது. அது எதிரே வரும் கிழக்குக் காற்றோடு கரையோரத்தில் முட்ட, காற்று மேலே எழும்புகிறது. பள்ளிக்கூட லீவு அறிவித்த அன்று வெயில் அடிப்பதில் இதற்கும் ஒரு பங்கு இருக்கிறது.

சுருக்கமாக: கடல்மேல் வரும் கொண்டல் ஈரத்தைக் கொண்டுவருகிறது. தாழ்வுப் பகுதிகளும் சுழற்சிகளும் அதை இறக்குகின்றன. இரண்டும் சேர்ந்த நாளில்தான் அடைமழை.

மொத்தம் ஒரு கணக்கு, நாட்கள் வேறு கணக்கு

இப்போது பூக்கடைக்குத் திரும்பலாம். அவருடைய ஆவணி வருமானம் முப்பது நாளுக்கும் சமமாகப் பிரிந்து வருவதில்லை. நாலைந்து முகூர்த்த நாளில் பெரும்பகுதி வந்துவிடும், மீதி நாட்களில் சாமிக்கு வாங்கும் ரெண்டு முழம்தான். வடகிழக்குப் பருவமழையும் அப்படித்தான். மூன்று மாத மழையில் பெரும்பங்கு சில அடைமழை நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடும். அதனால் ஒரே மொத்தத்துக்குள் இரண்டு விதமான வருடம் ஒளிந்திருக்கலாம். வாரம் ஒரு நல்ல மழையாக 44 செ.மீ. வந்தால் ஏரி நிரம்பும், கிணறு ஊறும், பயிர் சிரிக்கும். சீர்காழியில் வந்ததும் 44 செ.மீ.தான். மாநிலத்தின் முழுப் பருவச் சராசரி எவ்வளவோ அவ்வளவும் ஒரே நாளில்.

2023ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மாநில மொத்தம் இயல்பைவிட 4 சதவீதம்தான் அதிகம். புள்ளிவிவரப் பட்டியலில் பார்த்தால் சாதுவான வருடம். ஆனால் அந்த வருடம் டிசம்பர் முதல் வாரத்தில்தான் மிக்ஜாம் புயல் கரைக்கு அருகிலேயே நின்று சென்னையை மூழ்கடித்தது. இரண்டு வாரம் கழித்து, டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் சுமார் 95 செ.மீ. பெய்தது. சென்னைக்கே மூன்று மாதத்தில் வருவதைவிட அதிகம். இரண்டு பேரிடரையும் விழுங்கிவிட்டு, மாநிலச் சராசரி 'இயல்பு' என்று அமைதியாக உட்கார்ந்திருக்கிறது.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். புயல் வந்தால் அந்த வருடம் மழைக்குக் குறைவில்லை என்று ஒரு நம்பிக்கை உண்டு. 2016 டிசம்பர் 12இல் வர்தா சென்னையில் மரங்களைச் சாய்த்தது. அந்த வருடம்தான் 62 சதவீதம் குறைவு. 2018 நவம்பரில் கஜா டெல்டாவின் தென்னையை எல்லாம் தரையில் கிடத்திவிட்டுப் போனது. அந்த வருடமும் மழை இயல்பைவிடக் குறைவுதான். புயல் வேகமாகக் கடந்துவிட்டால் காற்றடித்த சேதம் நிற்கும், தண்ணீர் நிற்காது.

மூன்று மாதம் முன்கூட்டியே சொல்வது எப்படி?

பத்து நாளுக்கு அப்புறம் நடப்பதையே உறுதியாகச் சொல்ல முடியாதவர்கள் மூன்று மாதத்தைப் பற்றி எப்படிப் பேசுகிறார்கள் என்று கேட்பது நியாயம். விடை கடலில் இருக்கிறது. தோசைக்கல் நிமிடத்தில் சூடாகும், நிமிடத்தில் ஆறும். அண்டாவில் காய்ச்சிய தண்ணீர் ராத்திரி முழுக்கச் சூடாகவே இருக்கும். காற்றுமண்டலம் தோசைக்கல், கடல் அண்டா. செப்டம்பரில் கடல் எங்கே சூடாக இருக்கிறதோ, டிசம்பரிலும் பெரும்பாலும் அங்கே சூடாக இருக்கும். சூடான கடலுக்கு மேலே காற்று எழும்பும், மேகம் கூடும். எழும்பிய காற்று வேறெங்கோ இறங்க வேண்டும், அங்கே மேகம் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தில் நம் கரை எந்தப் பக்கம் வரும் என்பதுதான் கணிப்பு.

இரண்டு அண்டாக்களைத்தான் முக்கியமாகப் பார்க்கிறார்கள். ஒன்று பசிபிக். அதன் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழக்கத்தைவிடச் சூடானால் எல் நினோ, குளிர்ந்தால் லா நினா. இன்னொன்று நம் பக்கத்து வீடு. இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி சூடாகவும், சுமத்ரா ஓரம் குளிர்ச்சியாகவும் இருந்தால் அதற்கு நேர்மறை இருமுனை என்று பெயர். மாறி இருந்தால் எதிர்மறை இருமுனை.

எல் நினோ என்றாலே வறட்சி என்று பேசிப் பழகிவிட்டோம். நாட்டின் தென்மேற்குப் பருவமழைக்கு அது பெரும்பாலும் பாதகம்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டுக்கோ கதை தலைகீழ். எல் நினோவும் நேர்மறை இருமுனையும் உள்ள வருடங்களில் கடல்மேல் கிழக்குக் காற்று வலுப்பெற்று, நம் பக்கம் மழை கூடும் சாய்வு உண்டு. 2015 வலுவான எல் நினோ வருடம். சென்னை வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2016இல் பசிபிக் லா நினாப் பக்கம் சாய்ந்திருந்தது, இருமுனை எதிர்மறை, மழை பொய்த்தது. பாடப்புத்தகத்தில் போடலாம் போல அடுத்தடுத்த இரண்டு வருடம்.

அப்புறம் 2021 வந்தது. லா நினா வருடம். விதிப்படி மழை குறைய வேண்டும். 59 சதவீதம் அதிகம் பெய்தது, நவம்பரில் மட்டும் சென்னை நுங்கம்பாக்கத்தில் 100 செ.மீ. தாண்டியது. அப்படியென்றால் விதி பொய்யா? இங்கேதான் 'வாய்ப்பு' என்ற சொல்லுக்கு வர வேண்டும்.

ஒரு பையில் 30 கோலிக்குண்டு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பத்து சிவப்பு, குறைவான மழை. பத்து வெள்ளை, இயல்பு. பத்து நீலம், அதிக மழை. கடலைப் பற்றி ஒன்றுமே தெரியாவிட்டால் மூன்றுக்கும் சம வாய்ப்பு, ஏறத்தாழ 33 சதவீதம். எல் நினோவும் நேர்மறை இருமுனையும் சேர்ந்தால், இரண்டு சிவப்பை எடுத்துவிட்டு இரண்டு நீலத்தைப் போட்ட மாதிரி. இப்போது நீலம் 12, அதாவது 40 சதவீதம். செய்தியில் 'அதிக மழைக்கு வாய்ப்பு' என்று தலைப்பு வந்துவிடும். பைக்குள் எட்டு சிவப்பு இன்னும் இருக்கிறது. கையை விட்டால் அதுவும் வரலாம். 2021இல் சிவப்பு கூடுதலாக இருந்த பையிலிருந்து நீலம் வந்தது.

பாதி வழிச் சுருக்கம்: கடல் மெதுவாக மாறுவதால் பருவக் கணிப்பு சாத்தியம். அது பையில் உள்ள கோலிகளின் எண்ணிக்கையைச் சொல்கிறது. எந்தக் கோலி வரும் என்பது வேறு.

கணிப்பில் '35 சதவீதம்' என்று பார்த்தால், பையில் பெரிய மாற்றமே இல்லை என்று அர்த்தம். 60, 65 என்று வந்தால் காது கொடுத்துக் கேட்க வேண்டிய விஷயம். தலைப்பில் இந்த எண் இருக்காது, வரைபடத்தில் இருக்கும். நான் தலைப்பைப் படிப்பதை நிறுத்திவிட்டு வரைபடத்தைத் தேட ஆரம்பித்தபிறகு சித்தப்பாவிடம் திட்டு வாங்குவது குறைந்திருக்கிறது.

எதை எப்போது கேட்பது

செப்டம்பர் கடைசிக் கணிப்பை வைத்து விதை ரகம், வடிகால் தூர்வாரல், ஏரியில் எவ்வளவு இடம் விடுவது போன்றவற்றை யோசிக்கலாம். கார்த்திகையில் எந்த முகூர்த்தத்துக்கு மண்டபம் பிடிப்பது என்று அதனிடம் கேட்கக் கூடாது.

நடுவில் இரண்டு, மூன்று வாரத்துக்கான நீட்டிப்பு முன்னறிவிப்பு உண்டு. வியாழக்கிழமைதோறும் வெளியாகும். இதற்கு உதவுவது எம்ஜேஓ (மேடன்–ஜூலியன் அலைவு) என்று சுருக்கிச் சொல்லப்படும் ஒரு மேகக்கூட்டம். மேற்கிலிருந்து கிழக்காக நிலநடுக்கோட்டை ஒட்டி உலகைச் சுற்றிவரும். ஒரு சுற்றுக்கு 30 முதல் 60 நாள். ரோலண்ட் மேடன், பால் ஜூலியன் என்ற இரண்டு அமெரிக்க வானிலை ஆய்வாளர்கள் 1971இல் இதைக் கண்டறிந்து சொன்னார்கள். திருவிழாவில் ஊர்வலம் நம் தெருவுக்கு வந்தால் கூட்டம் சேருமே, அதுபோல இது வங்கக்கடலைக் கடக்கும் நாட்களில் தாழ்வுப் பகுதிகள் உருவாவது எளிது. ஆனால் நவம்பரில் அது எந்தத் தேதிக்கு இங்கே வரும் என்பது செப்டம்பரில் தெரியாது. பருவக் கணிப்பு தடுமாறுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

கடைசியாக, தினசரி மாவட்ட எச்சரிக்கை. மஞ்சள் என்றால் கவனம், ஆரஞ்சு என்றால் தயார், சிவப்பு என்றால் உடனே செயல்படு. இதில் வரும் 'மிகக் கனமழை' எல்லாம் அலங்காரச் சொற்கள் இல்லை. ஒரு நாளில் 6.5 செ.மீ. அளவைத் தொட்டால் கனமழை, 11.6க்கு மேல் மிகக் கனமழை, 20.5 எட்டினால் அதிகனமழை. அந்த 'ஒரு நாள்' நள்ளிரவில் தொடங்குவதில்லை. முந்தின நாள் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. ராத்திரி முழுக்கப் பெய்த மழை மறுநாள் தேதியில் பதிவாவது அதனால்தான்.

கணக்கு மூடும் தேதி

"கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை" என்பது சித்தப்பா அடிக்கடி சொல்லும் பழமொழி. பொதுவாகச் சரிதான். டிசம்பர் நடுவில் தாழ்வுப் பகுதிகள் தெற்கே இறங்கிவிடும், பனி தொடங்கிவிடும். காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பெய்தது மார்கழி பிறந்த அன்று.

வானிலைத் துறையின் கணக்கோ பழமொழிக்கும் பஞ்சாங்கத்துக்கும் கட்டுப்படாது. டிசம்பர் 31 அன்று ஏட்டை மூடிவிடும். ஜனவரி, பிப்ரவரி மழை 'குளிர்காலம்' என்ற தனித் தலைப்பில் போகும், அதற்கு இயல்பே மிகக் கொஞ்சம். 2021 ஜனவரியில், பொங்கலை ஒட்டி டெல்டாவில் நாள் கணக்கில் மழை பெய்தது. அறுவடைக்கு நின்ற சம்பா தண்ணீரில் சாய்ந்து, கதிரிலேயே நெல் முளைத்தது. சித்தப்பா ஒரு கதிரைப் பிடுங்கி, பச்சை முளை தெரியும்படி உள்ளங்கையில் வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். அந்த மழையில் ஒரு மில்லிமீட்டர்கூட எந்த வருடத்து வடகிழக்குப் பருவமழைக் கணக்கிலும் இல்லை.